மேலூர் சுவரில் ஒட்டிய நாலு வரி

பிள்ளைகளா, நேற்று வீட்டுப்பாடத்தில் ஒரு செய்யுளை வைத்துக்கொண்டு, "எதுகை, மோனை கண்டுபிடிச்சாச்சு. இதுல என்ன மெய்ப்பாடு, என்ன உணர்ச்சிப்பா?" என்று கேட்டீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். தெரியாமல் இல்லை. ஒரு மனிதரின் நினைவு வந்துவிட்டது.

நான் பன்னிரண்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். ஆனாலும் எங்கள் அச்சகத்தில் அஞ்சலி போஸ்டருக்குக் கவிதை கட்டுவது என் வேலை. அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. போன வருடம் மேலூரிலிருந்து ஒருவர் வந்தார். மனைவி இறந்துவிட்டார்; பதினாறாம் நாள் காரியம் மறுநாள். படத்துக்குக் கீழே போட, நோட்டுத் தாளில் தானே எழுதி வந்திருந்தார்:

காலையில ரெண்டு டம்ளர் எடுத்துர்றேன்
ஒண்ண மறுபடி கவுத்துர்றேன்
சீனி சரியான்னு கேக்க
ஆளில்ல தாயி

சீர் எண்ணிப் பார்த்தேன். அடிக்கு அடி ஒத்துவரவில்லை. எதுகை இல்லை. பாவம், எழுதத் தெரியாதவர் என்று நினைத்து, அவர் சாப்பிடப் போன நேரத்தில் நானே ஒன்று எழுதி அச்சடித்தும் விட்டேன்:

மண்ணுலகம் துறந்தாயே மாதரசி
கண்ணிமையில் கலந்தாயே காலமெல்லாம்

மண், கண் எதுகை. ம, மா மோனை. அடிக்கு மூன்று சீர். உங்கள் டீச்சர் பார்த்தால் முழு மார்க் போடுவார்.

அவர் திரும்பி வந்து, உதடு அசைய இரண்டு முறை படித்தார்.

"என் எழுத்து எங்கண்ணே?"

"எதுகை மோனையெல்லாம் வச்சுச் சரி பண்ணிட்டேண்ணே."

"நல்லாத்தான் இருக்கு. மாதரசின்னு கூப்பிட்டா அவ சிரிப்பாண்ணே." கொஞ்சம் நிறுத்தி, "இது எந்த வீட்டுப் பொம்பளைக்கும் போடலாம்ல" என்றார்.

அரை மணி நேரம் இருங்கள், மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். மெஷின் சும்மாதான் கிடந்தது. என் பாட்டைக் குறை சொல்லிவிட்டாரே என்ற ரோஷத்தில் பில்லை எழுதி நீட்டினேன். அவர், "வாரேண்ணே" என்று போஸ்டர் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

பிறகுதான் அந்தத் தாளை மறுபடி எடுத்தேன். முதல் இரண்டு அடியும் ஒரே ஓசையில் முடிகின்றன. அதற்குப் பிறகு அடி சுருங்கி, கடைசியில் இரண்டே சீரில் நின்றுவிடுகிறது. அதற்குமேல் அந்த மனிதரால் பேச முடியவில்லை. நான் விரல் மடக்கி எண்ணியபோது இது என் கண்ணில் படவே இல்லை.

அடுத்த ஞாயிறு, உங்களிடம்கூடச் சொல்லாமல், மேலூர் பஸ்ஸில் ஏறினேன். பஸ் ஸ்டாண்ட் சுவரில் போஸ்டர் அப்படியே இருந்தது. அவருடைய நாலு வரியை ஓர் எழுத்தும் மாற்றாமல் ஒரு தாளில் அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். பசை தடவி, என் கவிதையின் மேல் ஒட்டி, சுருக்கம் விழாமல் உள்ளங்கையால் தேய்த்துவிட்டேன்.