நோன்பு காத்த குளிசை

சலத்தில், அதாவது சிறுநீரில், அன்டிபயோட்டிக் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பது என் தொழில். பெண் பார்க்க வந்தவர்களிடம் உம்மா "ஆய்வுகூடம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மூக்கைப் பொத்திக்கொண்டு காலம் தள்ளும் சகாக்களே, உங்கள் வீட்டிலும் இதே கதைதானே?

மூன்று கடதாசி

நோன்பு மாதம். சாய்ந்தமருதிலிருந்து ஒரு மீன்பிடிக்கார காக்கா மனைவியோடு வந்தார். திருக்கை முள் குத்திய கால்விரல் புண்ணாகி, ஒரு கிழமை மருந்துக்கும் ஆறவில்லை. இனியும் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டும் என்றிருந்தார் டொக்டர். மருந்து உடம்பில் சேருகிறதா என்று பார்க்கச் சலம் கேட்டிருந்தார்.

மூன்று கடதாசியில் சுற்றிய போத்தலை அவர் மனைவியான அந்த ராத்தா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நீட்டினார்.

"மகள், ஆம்புளயாக்கள் இல்லாத நேரமாப் பாத்துத் திறங்க."

பூச்சியம்

எங்கள் இயந்திரம் தானே உறிஞ்சி, தானே இரசாயனம் கலந்து, நிறம் பார்த்து இலக்கம் அடிக்கும். முகதாட்சண்யம் தெரியாதது. பூச்சியம் அடித்தது. திரும்ப ஓட்டினேன், பூச்சியமேதான். மருந்துக் குளிசைதான் போலியாக்கும் என்று, அவர்கள் கொண்டுவந்ததில் ஒன்றை வாங்கி அதையும் கரைத்து வைத்தேன். அதில் மருந்து முழுசாக இருந்தது.

அப்படியானால் மனுசன் குடிக்கவில்லை! கோபத்தோடு கேட்டேன். நோன்பு வாயால் பொய் வருமா? காக்கா சத்தியமே பண்ணினார்.

"அல்லாஹ் அறிய, ஒரு குளிசயும் வீணாக்கல்ல மகள்."

கால் குடித்த மருந்து

காக்கா புண்ணின் கட்டை அவிழ்த்தார். குளிசையின் கூட்டைக் கழற்றி, தூளை வேளை தவறாமல் புண்ணில் தூவியிருக்கிறார். விழுங்கினால் நோன்பு முறியுமே! தூவியதில் எரிச்சல் அடங்கவே, விழுங்கக்கூடிய இரவு வேளையும் அப்படியே புண்ணுக்கே போயிற்று. சிரிப்பு வந்தது; கறுத்த விரலைக் கண்டதும் அழுகையும் வந்தது.

நோயாளி நோன்பை விட்டு, பிறகு அதற்கு ஈடாக, கழாவாகப் பிடிக்க மார்க்கமே இடம் தருகிறது என்றேன். தெரியுமாம். ஊரே ஒன்றாய்ப் பிடிக்கும் நோன்பை, பிறகு தனியே பிடிக்கத்தான் மனசில்லையாம்.

ராத்தா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவர் கையில் வைத்தார்.

"இப்ப மருந்தக் குடிங்க. கழா நோம்ப நானும் உங்களோட பிடிக்கிறன்."

இன்னொரு பொதி

அடுத்த முறை இயந்திரம் நல்ல இலக்கம் அடித்தது. விரலும் தப்பியது.

பெருநாள் கழிந்து ஒருநாள் இருவரும் வந்தார்கள். கழா நோன்பில் இரண்டு பேரின் உதடும் காய்ந்திருந்தது. மூன்று கடதாசியில் சுற்றிய பொதியை ராத்தா நீட்ட, நான் பழக்கதோசத்தில் கையுறையை மாட்டினேன். உள்ளே இனிப்பு வட்டிலப்பம்.

"பயப்படாதீங்க மகள், இது திங்கிற சாமான்."

அன்றிலிருந்து கடதாசியில் சுற்றி எது வந்தாலும், கையுறையோடு எனக்குக் கொஞ்சம் பசியும் வந்துவிடுகிறது.