கொலுப்படியின் கீழே ஓர் எரிமலை

எரிமலைப் பைத்தியம் எனக்கு வகுப்பில் பாடம் நடத்தி நடத்தித் தொற்றியது. நிஜத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. பெங்களூரில் இருந்துகொண்டு பார்க்கவும் முடியாது. இங்கே காலடியில் இருப்பது ஆடாமல் அசையாமல் கிடக்கும் கிழட்டுப் பாறை. ஆகவே போன நவராத்திரிக்கு எங்கள் ஒக்கலிபுரம் வீட்டுக் கொலுவில், பூங்கா வைக்கும் இடத்தில், நானே ஒன்றை எழுப்பினேன். அடியில் ஒரு தாம்பாளம், அதன்மேல் களிமண், செய்தித்தாள், உள்ளே ஒரு பாட்டில். மலையடியில் செட்டியார் தம்பதி மளிகைக்கடை விரித்திருந்தார்கள்.

பொம்மைகள் எல்லாம் மாமியாருடையவை. மாமனார் காலமாகி ஒரு வருடம் கழித்து வைத்த முதல் கொலு அது. மாமியாரே பொம்மைகளைத் துணி பிரித்து எடுத்துக் கொடுத்தார், எது எந்தப் படி என்றும் சொன்னார். ஆனால் வெற்றிலை பாக்கு வாங்க வரும் பெண்கள் முன்னால் தலைகாட்ட மறுத்துவிட்டார்.

“நான் அங்க வந்து நிக்கக் கூடாதும்மா. சுமங்கலிங்க வர்ற இடம். யாராவது ஒண்ணு சொல்லிட்டா உனக்குத்தான் சங்கடம்.”

கெஞ்சினேன், கோபித்தேன், இரண்டு வேளை பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அசையவில்லை. மாலையானால் அறைக்கதவு சாத்திக்கொள்ளும். எனக்கு மனசே ஆறவில்லை. அவருடைய பொம்மைகளை ஊரே பார்க்கிறது, அவர் மட்டும் பார்க்கக் கூடாதா?

ஐந்தாம் நாள் கூடம் நிறையப் பெண்கள். டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? எல்லார் கையிலும் சுண்டலைக் கொடுத்துவிட்டுப் பாடத்தை ஆரம்பித்தேன். பூமிக்கடியில் பாறை உருகுகிறது. உருகியது சுற்றியிருப்பதைவிட லேசு, அதனால் மேலே ஏறுகிறது. அதில் வாயு கரைந்திருக்கிறது. மேலே வர வர அழுத்தம் குறைந்து, சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி பொங்குகிறது. குழம்பு கெட்டியாக இருந்தால் வாயுவுக்கு வழியில்லாமல் வெடிக்கிறது. நெருப்புக் குழம்பு பெரும்பாலும் மெதுவாகத்தான் வரும், நடந்தே தப்பிக்கலாம். ஆளைக் கொல்வது சரிவில் பாய்ந்து இறங்கும் சுடுசாம்பலும் வாயுவும்தான். போய்விடுங்கள் என்று எச்சரித்தாலும் ஜனங்கள் வீடு, மாடு என்று திரும்பி ஓடுவார்கள், அதைவிட முட்டாள்தனம் கிடையாது என்றும் சேர்த்துக்கொண்டேன்.

எதிர்வீட்டுக் கன்னடக்கார அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. “பேக மாடி மேடம், சீக்கிரம் வெடிக்க வைங்க!”

குழம்புக்குக் கடைச்சாயம் எதற்கு என்று, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த ஆரத்தித் தண்ணீரையே பாட்டிலில் ஊற்றி, ஆப்பசோடா போட்டு வைத்திருந்தேன். நல்ல ரத்தச் சிவப்பு. பெருமையோடு எலுமிச்சைச் சாற்றை விட்டேன். பொங்கியது, மஞ்சளாக! புளிப்புப் பட்டால் ஆரத்தியின் சிவப்பு ஓடிவிடும் என்று கெமிஸ்ட்ரி டீச்சரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். நான் ஜாக்ரஃபி.

“ஐய, சாம்பார்!” என்று யாரோ சொல்ல, கூடமே சிரித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. சிவக்கட்டும் என்று சொம்பில் மிச்சமிருந்த சாறு முழுவதையும் கவிழ்த்தேன். அதன்பிறகு எரிமலை என் பேச்சைக் கேட்கவில்லை. நுரை தாம்பாளத்தைத் தாண்டிச் செட்டியார் கடையைப் பார்த்துப் போனது. பழைய மண்பொம்மைகள், ஈரம் பட்டால் வண்ணம் போய்விடும். மலைவாயை இரண்டு கையாலும் பொத்தினேன். விரலிடுக்கில் பீய்ச்சி, எதிர்வீட்டம்மாவின் பட்டுப்புடவை வரை அடித்தது.

அறைக்கதவு திறந்தது.

“அடிப்பாவி, செட்டியார் முழுகறாரு! பாத்துக்கிட்டு நிக்கறீங்களே!”

மாமியார் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்களுக்கு நடுவே புகுந்தார். ஒரு கையில் செட்டியார், மறு கையில் அவர் சம்சாரம். “ஏய், அந்த யானையத் தூக்கு! நீ கல்யாண செட்டை எடு! கீழ துணியப் போடுங்க!” யார் எவர் என்று பார்க்காமல் உத்தரவு பறந்தது. பட்டுப்புடவைக்காரிகள் எல்லாரும் பொம்மையும் கையுமாகச் சோபாமேல் ஏறினார்கள். திரும்பி ஓடுவது முட்டாள்தனம் என்று சொன்ன வாயாலேயே நான் சிரித்துச் சிரித்து அழுதேன். அப்படியொரு சந்தோஷம் எனக்கு.

நுரை அடங்கிய பிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் சுருங்க அறைப் பக்கம் திரும்பினார். எதிர்வீட்டம்மா, மஞ்சள் சொட்டும் புடவையோடு, “கூத்கொள்ளி அம்மா, உக்காருங்க” என்று கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார்.

மறுநாள் மாலை நான் விளக்கேற்ற வந்தபோது, மாமியார் இஸ்திரி போட்ட புடவையில் கொலுவுக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துண்டு.

“இன்னிக்கு எத்தன மணிக்கு வெடிக்கும்?” என்றார்.