தொப்பியில் இருந்த பொட்டு

அப்பா விட்டுப்போன சாமான்களில் கடைசிவரை விலைபோகாமல் என் உயிரை வாங்கியது அந்தத் தோல் தொப்பிதான். அப்பா விமானப்படையில் மெக்கானிக். போர்விமானத்துக் கடிகாரம், விமானிகளின் கண்ணாடி, உடைந்த ப்ரொப்பெல்லர் துண்டு என்று திருமுல்கேரி வீட்டு பீரோ நிறையச் சேர்த்து வைத்திருந்தார். மற்றவையெல்லாம் இணையத்தில் ஒவ்வொன்றாக விற்றுப்போயின. விமானி மாட்டிக்கொள்ளும், காதை மூடுகிற இந்தத் தொப்பி மட்டும் நகரவில்லை.

அது போனால்தான் அம்மா அதே நகரில் உப்பல் பகுதியில் இருக்கும் என் ஃபிளாட்டுக்கு வருவாள். "அது வர்ற ஊட்டுக்கு நான் வர மாட்டேன். தூக்கியும் போடாத, பாவம். யாருக்காவது குடுத்துரு," என்று சட்டம் போட்டுவிட்டாள். பழைய வீட்டை பில்டரிடம் ஒப்படைக்க வேண்டும். எண்பது வயதுக்காரியை வேறு எங்கே கொண்டு வைப்பது?

விற்பனைத் தளம் முதலில் ராணுவப் பொருள் என்று விளம்பரத்தையே தூக்கிவிட்டது. 'பழைய தோல் தொப்பி' என்று மாற்றிப் போட்டேன். பைக் ஓட்ட ஆகுமா, பள்ளி நாடகத்துக்கு வாடகைக்குத் தருவீர்களா என்று ஆளாளுக்குப் பிடுங்கினார்கள். ஒருவர், உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறீர்களா என்றார். அப்போதுதான் படங்களைச் சரியாகப் பார்த்தேன். எப்படி வைத்து எடுத்தாலும் தொப்பி சப்பையாக விழாமல், உள்ளே ஒரு தலை இருப்பதுபோல உப்பியே நின்றது. கையை விட்டுப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

பிறகு வடக்கேயிருந்து ஒரு சேகரிப்பாளர் இந்தியில் கேட்டார்: நெற்றிப் பக்கம் சிவப்பாக இருப்பது ரத்தமா? சிரித்துவிட்டேன். ஆயுத பூஜைக்கு ஸ்பானர், சைக்கிள், தையல் மெஷின் என்று எதையும் விடாமல் பொட்டு வைக்கிற குடும்பம் எங்களுடையது, அது குங்குமம் என்று எழுதினேன். அப்படியானால் துடைத்துப் படம் அனுப்புங்கள் என்றார்.

ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் முழுக்க வந்துவிட்டது. அதன் அடியில் கறுத்த பழுப்பில் வேறொரு கறை இருந்தது. தேய்க்கத் தேய்க்க இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் நிமிரவே இல்லை.

"அப்பா பாத்துக்கிட்ட பிளேன ஓட்டுன பையனோடது. தமிழ்ப் பையன். ஞாயித்துக்கெழமன்னா நம்ம ஊட்லதான் சாப்பாடு. அன்னிக்கும் வர்றேன்னுதான் சொல்லிட்டுப் போனான். பிளேன் விழுந்த எடத்துலேருந்து அப்பா இத எடுத்தாந்தாரு. கறை தெரியக் கூடாதுன்னுதான் வருஷா வருஷம் அதே எடத்துல குங்குமம் வெப்பாரு."

சிறுவயதில் பூஜை முடிந்ததும் அந்தப் பொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன். இப்போது விரல்களை என் சேலையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ரத்தம்தான் என்று எழுதிப் போட்டேன். அந்த ஆளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சொன்ன விலைக்கே எடுத்துக்கொள்கிறேன், அளவு தெரிய யாராவது மாட்டிக்கொண்டு ஒரு படம் மட்டும் வேண்டும் என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அம்மாவை அழைத்துப்போக இதுதான் வழி என்று பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டினேன்.

காது அடைத்துப்போயிற்று. மின்விசிறி, குக்கர், தெருவில் போகிற ஆட்டோ, எதுவும் கேட்கவில்லை. படமெடுக்க வெளிச்சத்தின் பக்கம் திரும்பினால் எதிரே அம்மா நிற்கிறாள். என்னைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருநாளும் அவள் அவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. எனக்குப் பொறாமையும் வந்தது, பயமும் வந்தது. அவசரமாகக் கழற்றினேன்.

"என்னம்மா சொன்னே?"

"ஒக்காருப்பா, சோறு போடுறேன்னேன்."

"எனக்கா?"

"ஒனக்கில்ல." தொப்பியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நக்கோ, வேணாம், விக்காத. இத்தன வருஷமா பயந்துக்கிட்டு அவன் மொகத்தயே பாக்காம இருந்துட்டேன். சாப்புடாம போன புள்ளைய யாருக்கோ பார்சல் பண்ணுவியா? அவனும் வரட்டும், நானும் வரேன்."

விற்பனைக்கு இல்லை என்று சேகரிப்பாளருக்கு எழுதினேன். அவர் கன்னாபின்னாவென்று திட்டினார். திட்டட்டும், அம்மா வருகிறாளே என்று இருந்தது.

மறுநாள் காலை உப்பலுக்கு ஆட்டோ பிடித்தோம். மடியில் தொப்பியுடன் அம்மா முதலில் ஏறி ஓரமாக ஒடுங்கிக்கொண்டாள். நான் ஏறி அவளை ஒட்டி உட்காரப் போனேன். அவள் என் தொடையில் தட்டினாள்.

"தள்ளி ஒக்காரு."

நடுவில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தேன்.