அர்ஜுனனின் ஆறு வோல்ட்

புல்லட் மோட்டார் சைக்கிளின் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, எங்கள் வீட்டு மதில்மேல் விழும் வெளிச்சத்தை உற்றுப் பார்க்கிறார் எதிர்வீட்டு அர்ஜுனன். அணைக்கிறார். ஹாரனை ஒருமுறை அழுத்துகிறார். மறுபடி விளக்கைப் போடுகிறார். காலை வெயிலில் ஹெட்லைட் எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ள இந்தத் திருவண்ணாமலையில் வேறு யாரும் இப்படித் தவிக்கமாட்டார்கள். "கொஞ்சம் மஞ்சளா தெரியுதுங்களா சார்?" என்று என்னைக் கேட்பார். தெரிகிறது என்றாலும் தெரியவில்லை என்றாலும் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வந்துவிடும்.

வேர்க்கடலை மண்டியில் எடை பார்ப்பது அவர் வேலை. மற்ற நேரமெல்லாம் புல்லட்டுக்குத்தான். அறுபத்திரண்டில் வந்த வண்டி, பதினாறு வயதாகிறது. ஆறு வோல்ட் பேட்டரி. அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவார், முனைகளை உப்புத்தாளால் தேய்த்து வாசலின் தடவுவார். பக்கவாட்டில் இண்டிகேட்டர் பொருத்தினார். அது மினுக்கும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கியது. கழற்றினார். பெரிய பல்பு வாங்கிப் போட்டார். பேட்டரி படுத்துவிட்டது. பழைய பல்பே திரும்பி வந்தது.

"நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நோண்டறீங்க?" என்று ஒருநாள் கடுப்பாகவே கேட்டேன்.

"கரெண்டு கண்ணுக்குத் தெரியாதுங்க சார். தெரிஞ்சா நான் எதுக்குத் தொடப் போறேன்?" என்றார். சொல்லும்போதே ஒரு ஒயரை இழுத்துப் பார்த்தது கை.

அவர் மனைவி ரேணுகாம்பாள் சுகாதார நிலையத்தில் நர்ஸ். சுற்றுக் கிராமங்களில் பிரசவம் என்றால் அந்த அம்மாளை அழைத்துப் போவது இந்த வண்டிதான். ஒருமுறை கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒயர் கருகி விளக்கு அணைந்துவிட்டது. இருட்டில் இருவரும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, குழந்தை பிறந்து மூச்சு அடங்கியிருந்தது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதன்பிறகுதான் அவர் கை சும்மா இருப்பதில்லை. பாவம், அந்த மனுஷனைக் கேலி செய்தோமே என்று, இது தெரிந்த பிறகு எனக்குத்தான் வருத்தமாக இருந்தது.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குள் துணி சுற்றிய பழைய ஒயர்களை மாற்றிவிடுவது என்று ஆரம்பித்தார். பாதி வேலையில் பூஜைக்கு நல்ல நேரம் வந்துவிட்டது. ரேணுகாம்பாள் ஸ்பேனர், கட்டிங் பிளேயர் எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பலகையில் அடுக்கிவிட்டார். மறுநாள் மறுபூஜை வரைக்கும் தொடக்கூடாது. அந்த அம்மாள் இதில் ரொம்பக் கண்டிப்பு. காய்கறியைக்கூட முந்தின நாளே நறுக்கி வைத்துவிடுவார்.

"வருஷத்துல ஒரு நாளாச்சும் அதுங்க நிம்மதியா இருக்கட்டுங்க" என்றார் கணவரிடம்.

கழற்றிய ஹெட்லைட்டிலிருந்து ஒயர்கள் தொங்க, சாமந்தி மாலையோடு நின்றது வண்டி. அர்ஜுனன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். உட்காருவார், எழுந்திருப்பார். பார்க்கிற எனக்கே இருப்புக்கொள்ளவில்லை.

பொழுது சாய்கிற நேரத்தில், வேங்கிக்காலுக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து ராமன் என்பவர் சைக்கிளில் வந்து இறங்கினார். மகளுக்கு மதியத்திலிருந்து வலி.

"தண்ணி ஒடஞ்சிடுச்சுங்க. நர்ஸம்மா வந்தாதான் ஆவும்" என்றார்.

அந்த ஊருக்குப் பஸ் கிடையாது. "போறதுக்குள்ள இருட்டிடும்" என்றார் அர்ஜுனன். கூடத்துப் பலகையை ஒருதரம் பார்த்தார். பிறகு வண்டிப் பக்கத்தில் குந்தி, புது ஒயரைப் பல்லால் கடித்து உரித்தார். விரலாலேயே முறுக்கினார். விளக்கு மினுக்கென்று எரிந்து அணைந்தது. மறுபடி கடித்தார். உதட்டில் ரத்தம் வந்துவிட்டது. ஒரு கத்தியாவது கொண்டுவந்து கொடுக்கலாம் என்று ஓடினேன். எங்கள் வீட்டுக் கத்தியும் பூஜையில்தான் இருந்தது.

பையோடு வெளியே வந்த ரேணுகாம்பாள் அவர் வாயைப் பார்த்தார். உள்ளே திரும்பினார். பலகையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்து, அதிலிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே வந்து அவர் கையில் வைத்தார். பிறகு, வேலையை மறைக்காதபடி வண்டியின் மாலையை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.