எந்த சிக்னல் என்று யாரும் கேட்கவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் கையெழுத்து கோணல். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றைக்கும் தடுமாறுவேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் மனதுக்குள்ளேயே திருத்திக்கொள்ளுங்கள். பேசச் சொன்னால் எனக்கு வாய் வராது, அதனால்தான் எழுதுகிறேன். எதிரே மேசைமேல் ஒரு வெள்ளைக் கோப்பை இருக்கிறது. டிரைவர் அண்ணனின் மருமகன் போன வாரம் அதற்குள் இரண்டு பேனாவைப் போட்டு, ஒரு கட்டுத் தாளோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். "கப்புல இருக்கிற வார்த்தைக்கு இன்டர்நெட்ல ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க மாமா. காலேஜ் பசங்க கண்டுபிடிச்சதுன்றான் ஒருத்தன். ரேடியோவுல வந்ததுன்றான் இன்னொருத்தன். கூட இருந்து பாத்தவர் நீங்கதான். எழுதிக் குடுங்க, நான் டைப் பண்ணிப் போட்டுடறேன்" என்றார். கோப்பையின்மேல் ஆங்கில எழுத்தில் அச்சடித்திருப்பது ஒரே வரி: சிக்னல்ல இருக்கேன்.

பொம்மனஹள்ளியில் ஓசூர் ரோட்டை ஒட்டிய ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டீ, காபி போடுவது என் வேலை. மீட்டிங் முடிந்த அறைகளில் கப்புகளை எடுத்துவந்து கழுவி வைக்க வேண்டும். யாரோடும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. டிரைவர் அண்ணன் அதே கம்பெனியின் வேன் ஓட்டினார். நீலசந்திராவில் பிறந்து வளர்ந்தவர். தமிழில் ஆரம்பித்த பேச்சைக் கன்னடத்தில் முடிப்பார். என் வீடு அவர் தெருவுக்கு அடுத்த தெரு. காலையில் வேனில் முதலில் ஏறுகிறவன் நான்தான். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, போகும் வழியெல்லாம் அவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு போவேன்.

கம்பெனி அவருக்கு ஒரு செல்போன் கொடுத்த பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. அதுவரை வேன் வரும்போது வரும், ஏறிக்கொள்வார்கள். போன் வந்த பிறகு ஒவ்வொரு ஸ்டாப்பிலிருந்தும் கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழ்க்காரர்களிடம் "சிக்னல்ல இருக்கேன் சார்" என்பார். கன்னடக்காரர்களிடம் "சிக்னல்லி இத்தீனி சார்" என்பார். வேன் அப்போதுதான் எங்கள் சந்திலிருந்து மூக்கை வெளியே நீட்டியிருக்கும். ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன், "ஏண்ணா, இன்னும் தெருவையே தாண்டலையே?" என்று. அவர் கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்: "எங்க இருக்கேன்னு சொன்னா கணக்கு போட்டுப் பதறுவான்பா. சிக்னல்ல இருக்கேன்னு சொன்னா நிம்மதியா ஒரு டீ குடிப்பான். எந்த சிக்னல்னு எவனாவது கேட்டிருக்கானா?"

யாரும் கேட்டதில்லை. ஆனால் சிரிக்க ஆரம்பித்தார்கள். வேலை எந்த அளவில் இருக்கிறது என்று மேனேஜர் மெயிலில் கேட்டதற்கு ஒரு பையன் "சிக்னல்ல இருக்கேன்" என்று மட்டும் பதில் போட்டானாம். அந்த மெயில் மாடி மாடியாகப் போனது. பிறகு வேறு கம்பெனிகளுக்கும் போய், எங்கள் வேனின் பின்பக்கப் படத்தோடு திரும்பி வந்தது. காபி கேட்க வருகிறவர்கள் நான் பாலை அடுப்பில் வைப்பதைப் பார்த்துவிட்டு, "அண்ணா சிக்னல்ல இருக்கார்" என்று சொல்லிப் போவார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கொஞ்ச நாளில் அந்த வார்த்தைக்கு முள் முளைத்தது. ஒருவனை "சிக்னல் பார்ட்டி" என்றால் பொய்க்காரன், வேலைக்கு டிமிக்கி கொடுப்பவன் என்று அர்த்தம். மீட்டிங்கில் அந்தப் பெயரை வாங்கிக்கொண்ட ஒரு புதுப் பெண் என் ஸ்டூலில் வந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

அந்த வருஷக் கம்பெனி விழாவில் அண்ணனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். வெள்ளை யூனிபாரத்தை இஸ்திரி போட்டு வந்திருந்தார். கூட்டம் விசிலடிக்க, இந்தக் கோப்பையைக் கையில் கொடுத்தார்கள். மாடியில் ஓடிய கிண்டல் எதுவும் வேனோடு கீழே இருந்த அவர் காதுக்கு வந்ததில்லை, ஆங்கிலமும் படிக்கத் தெரியாது. கைதட்டலைப் பார்த்து, இத்தனை வருஷ வேலைக்கு மரியாதை என்றே நினைத்தார். இரண்டு கையாலும் வாங்கி, தலை குனிந்து கும்பிட்டார். அவர் கும்பிட்டதைப் பார்த்து இன்னும் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்தார்கள் என்று சொல்ல மாட்டேன். விளையாட்டு அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனபோது, டிவிக்கு மேலே கண்ணாடி அலமாரியில் கோப்பை உட்கார்ந்திருந்தது. "நம்ம கழுதை படிச்சுச் சொல்லிச்சு. பெஸ்ட் டிரைவர்னு போட்டிருக்காம்" என்று மகளைக் காட்டினார். டிகிரி படித்துக்கொண்டிருந்த பெண் அவள். என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். நான் டீயைக் குடித்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் போனாலும் முதலில் அலமாரியைத்தான் பார்க்க வேண்டும். வேன் ஓட்டி என்ன கண்டாய் என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கெல்லாம் அவர் காட்டிய பதில் அதுதான்.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்கு ஆஸ்டின் டவுனிலிருந்து ஒரு வரன் வந்தது. பையனின் அப்பா தையல்காரர். பையன் வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. பெண் பார்க்க வந்த அன்று என்னையும் வரச் சொல்லியிருந்தார் அண்ணன். சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். கேசரி ஆகி, பஜ்ஜியும் வந்து, பையனின் அப்பாவும் அண்ணனும் பழைய கன்டோன்மென்ட் கதைகளில் இறங்கியிருந்தார்கள். எல்லாம் கூடி வந்த நேரம். அப்போதுதான் பையன் அலமாரியைப் பார்த்தான்.

"ஐயோ, இந்த கப் உங்க வீட்லயும் இருக்கா அங்கிள்? சிக்னல்ல இருக்கேன்" என்று சத்தமாகப் படித்துச் சிரித்தான்.

அண்ணன் சிரிக்கவில்லை. "என்ன எழுதியிருக்கு? இன்னொரு வாட்டி படி தம்பி" என்றார். பையன் படித்தான். அண்ணன் திரும்பி மகளைப் பார்த்தார். அவள் தட்டைப் பிடித்தபடி தரையைப் பார்த்தாள். மேடையில் கேட்ட சிரிப்பெல்லாம் அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். முகம் அப்படியே இறுகியது. வேனில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த முகம் எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நிமிஷத்தில் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வெளியே போய்விடுவார், சம்பந்தமும் அதோடு போய்விடும் என்று எனக்குப் பட்டது.

ஆனால் அவர் கேட்டார்: "உங்க ஆபீஸ்ல அதுக்கு இன்னா அர்த்தம்?"

ஏதோ தவறாகிவிட்டது என்று பையனுக்குப் புரிந்தது. எதுவென்று புரியவில்லை. "மொதல்ல லேட்டா வர்றவனைக் கிண்டல் பண்ணத்தான் அங்கிள். அப்புறம் அது வேற மாதிரி ஆயிடுச்சு. என் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஆன்சைட்னு வெளிநாட்டுல வேலையா இருந்தப்போ இங்க அவன் அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தாங்க. என்ன ஆச்சோன்னு அவன் அங்க துடிக்கிறான். நாங்க எல்லாரும் சிக்னல்ல இருக்கோம்னு மெசேஜ் போட்டோம். வந்துட்டே இருக்கோம், பயப்படாதன்னு அர்த்தம். அவ்ளோதான் அங்கிள்."

அந்த வார்த்தை வேனில் பிறந்த கதையும் ஆபீசில் வளர்ந்த கதையும் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். எப்படி வாயைத் திறந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை.

"தம்பி, அந்த வார்த்தையே இவருதுதான். நம்ம வேன்ல, என் பக்கத்துல உக்காந்து மொதமொதல்ல சொன்னதே இவர்தான். நீ சொன்ன அர்த்தத்துலதான் சொன்னாரு. மத்ததெல்லாம் அப்புறம் ஒட்டுனது."

பையன் என்னைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். பிறகு நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். அவன் அப்பா காரணம் புரியாமல் தானும் பாதி எழுந்தார். "நிஜமாவா அங்கிள்? நீங்களா?" என்றான். அந்தக் குரலில் கிண்டல் துளியும் இல்லை. கோயிலில் சாமியைத் தேடிக்கொண்டிருந்தவனுக்குத் திரை விலகியது போல இருந்தது அவன் முகம்.

அண்ணன் மகள் கையிலிருந்த பஜ்ஜித் தட்டை வாங்கி அவன் முன்னால் வைத்தார். பிறகு, "உக்காருப்பா, பஜ்ஜி ஆறுது" என்றார். மகளிடம், "ஏம்மா, பெஸ்ட் டிரைவர்னு கூட சேத்து எழுதியிருக்கலாம் அவனுங்க, எடம் இருக்குதே" என்றார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

முடிவைச் சொல்ல அண்ணன் ஒரு வாரம் தவணை கேட்டிருந்தார். வாரம் முடியுமுன் பையனின் அப்பா போன் செய்தபோது நான் வேனில் பக்கத்தில்தான் இருந்தேன். அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசினார். "சிக்னல்ல இருக்கோம் சம்பந்தி" என்றார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

இப்போது எங்கள் ஆபீசில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இந்த வார்த்தை தெரியாது. அவர்களுக்கு மாதம் ஒரு வார்த்தை வருகிறது, போகிறது. நான் டீ போட்டுக்கொண்டே கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோப்பை கல்யாணத்தோடு மகள் வீட்டுக்குப் போய்விட்டது. அச்சு கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. அங்கே பேத்தி பால் குடிப்பது இதில்தானாம், அதனால் இன்று சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும்.

அண்ணன் வேன் ஓட்டுவதை விட்டுவிட்டார். காலையில் போன் செய்து, எழுதி முடிக்கப் போகிறேன், வந்து கேட்டுவிட்டுச் சரியா என்று சொல்லுங்கள் என்றேன். "சிக்னல்ல இருக்கேன்பா" என்றார். நடந்து வரவேண்டிய மனிதர். அவர் தெருவுக்கும் என் தெருவுக்கும் நடுவில் சிக்னல் எதுவும் கிடையாது. பேனாவைக் கோப்பைக்குள் போட்டுவிட்டு, டீக்குத் தண்ணீர் வைக்கப் போகிறேன்.

2009, தை மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.