பக்கத்து வீட்டு நட்சத்திரம்

போன வாரம் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் சோடியம் விளக்கைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். அது சூடேறி முழு மஞ்சளாவதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை பழைய மின்மாற்றியிலிருந்து தூசியும் வார்னிஷும் கருகுகிற ஒரு வாசனை வரும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும் என்று சொன்னால் சக ஆசிரியர்கள் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். மாணவி ஒருத்தி நிறமாலைமானியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "மேடம், ஒரே ஒரு மஞ்சக் கோடுதான் தெரியுது" என்றாள்.

"ரெண்டு நிக்கும்மா. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். நல்லாப் பாரு."

சொல்லி முடித்ததும் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே வந்து நின்றேன். ஏறக்குறைய இதே சொற்களை ஒருமுறை காற்றாலை ஒன்றின் இரும்புப் படியில் நின்றுகொண்டு, தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்தக் கதையை உங்களிடம் சொல்லிவிட்டால் கொஞ்சம் லேசாக இருக்கும்.

எங்கள் ஊர் எப்போதும்வென்றானைத் தாண்டி உள்ளே போக வேண்டும். அந்த ஊர்ப் பெயரில் இருக்கும் வெற்றி எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு எட்டியதே இல்லை. நான் அப்போது பெங்களூரில் ஆராய்ச்சி மாணவி. என் ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு நட்சத்திரம். அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஒரு எண்தான். தூசி வளையம் ஒன்றைச் சுமந்துகொண்டு, கண்ணுக்குத் தெரியாத துணை நட்சத்திரம் ஒன்று அதைச் சுற்றிவருகிறது. பதினோரு வருடத்துக்கு ஒருமுறை அந்த வளையம் குறுக்கே வந்து நட்சத்திரத்தை மறைக்கும். நன்றாக மறைத்து நிற்பது சில இரவுகள்தான். அந்த இரவுகளில் அதன் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பதிவு செய்தால், வளையத்தில் என்ன வாயு இருக்கிறது, எந்த வேகத்தில் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். உதவித்தொகை முடிகிற வருடத்தில் மறைப்பு வந்தது. இமயத்துக்கு அப்பால் குளிர்ப் பாலைவனத்தில் இருக்கும் தொலைநோக்கியில் எனக்குப் பாதி இரவு ஒதுக்கினார்கள். முதல் பாதி என் சக மாணவன் பிரபாகருக்கு. அவன் ஆராய்ச்சி நம் பால்வீதிக்கு அப்பால் இருக்கும் விண்மீன் திரள்களைப் பற்றியது. நட்சத்திரம் எல்லாம் அவனுக்குக் குறுக்கே நிற்கும் தொந்தரவு. தொலைநோக்கியை அங்கே போகாமலேயே பெங்களூர்ப் பக்கத்து அறை ஒன்றிலிருந்து இயக்கலாம் என்பதால், அந்த வாரம் ஊருக்குப் போய்விட்டுத் திரும்ப நேரம் இருந்தது. அண்ணன் மகனுக்குக் காதுகுத்து. அத்தை நான் இல்லாமல் எப்படி?

ஒரு இரவைத் திட்டமிடுவது அப்படியொன்றும் கவிதையான வேலை இல்லை. எது முதலில் மேற்கே சாயும், எதை முந்தி எடுக்க வேண்டும், எத்தனை நிமிடம் ஒளியைச் சேர்க்க வேண்டும், நடுநடுவே அளவு சரிபார்க்கும் விளக்கை எப்போது போட வேண்டும், மேகம் வந்தால் எதைக் கைவிடுவது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். காதுகுத்துக்கு வந்தபோது மதினி பந்திக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமன் வீட்டு ஆட்களை முதல் பந்தியில் உட்கார வைப்பதா, இரண்டாவதா என்று அவள் மண்டையை உடைத்துக்கொண்டபோது, எனக்கு என் வேலை புதிதாகவே தோன்றவில்லை. என் திட்டம் மடிக்கணினியில் தயாராக இருந்தது. யாருக்கும் அனுப்பவில்லை. நானே எடுக்கப்போகிற இரவுக்கு யாருக்கு அனுப்புவது?

விருந்து முடிந்து பாத்திரம் கழுவும்போது தூறல் ஆரம்பித்தது. கார்த்திகை கடைசியில் அந்தத் தூறலை யாரும் பொருட்படுத்தவில்லை. இரவெல்லாம் கொட்டியது. மறுநாளும் கொட்டியது. கரிசல் காட்டில் மழை பெய்கிற சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டிருக்கிறேன். அது குடிக்கிற சத்தம். அன்று மண் குடிப்பதை நிறுத்திவிட்டது. கண்மாய் உடைந்து தண்ணீர் காட்டுக்குள் இறங்கியது. கரண்ட் போனது. ரோடு அறுந்தது. ரயில்கள் ஓடவில்லை என்று யாரோ சொன்னார்கள். கடைசியாக என் போனில் வந்து விழுந்த செய்தி, வீட்டு மாடியில் சின்னத் தொலைநோக்கி வைத்திருக்கும் அயல்நாட்டு அன்பர் ஒருவருடையது. நட்சத்திரம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மங்கிவிட்டது என்று எழுதியிருந்தார். படித்துக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தது. மடிக்கணினி அதற்கு முன்பே அணைந்திருந்தது.

மழை விட்ட மறுநாள்தான் என் இரவு. காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஈரச் சாக்கின் புழுங்கிய வாடை வீடெல்லாம் நிறைந்திருந்தது. அறுத்துக் கட்டிவைத்த கொஞ்சம் பாசிப்பயறு அந்தச் சாக்கில்தான் இருந்தது. மீதி, உளுந்தும் மக்காச்சோளமும், காட்டில் முழங்கால் தண்ணீரில் நின்றன. அண்ணன் வேல்சாமி மம்பட்டியோடு புறப்பட்டுக்கொண்டிருந்தான். வரப்பை வெட்டித் தண்ணீரை இன்றைக்கே ஓடைக்கு இறக்கிவிட்டால் உளுந்தில் பாதியாவது தேறும்.

அவனிடம் கேட்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "அண்ணே, ஒரே ஒரு போன் பேசணும்."

"எங்கன போயிப் பேச? டவரே செத்துக் கெடக்கு."

"மேக்கால காத்தாடி மேட்டுல பக்கத்து ஊரு டவர் எடுக்கும்னு சொல்லுதாங்க."

அவன் காட்டுப் பக்கம் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை. உள்ளே பிள்ளைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்த மதினி எழுந்து வந்து மம்பட்டியை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நீங்க அவளக் கூட்டிட்டுப் போங்க. வரப்ப நான் ஆள் வச்சு வெட்டுதேன்."

"ஒன்னால ஆகுமாட்டி?"

"உளுந்து போனா அடுத்த வருசம் வெதைக்கலாம். அவ நட்சத்திரம் அடுத்த வருசம் வருமா, கேளுங்க."

"வராது மதினி" என்றேன். அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

நனைந்த கரிசலில் டிராக்டர் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். அண்ணன் முன்யோசனையாக மழை தொடங்கிய அன்றே அதைக் காற்றாலைக்காரர்கள் போட்ட சரள் ரோட்டில் நிறுத்தியிருந்தான். அதுவரை நடந்துதான் போனோம். ஒவ்வொரு காலிலும் ஒரு குழந்தை எடைக்குச் சேறு ஏறியது. என் செருப்பு ஒன்றை மண் வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. இன்னொன்றை நானே எறிந்துவிட்டேன். பாட்டுக் கேட்பதற்காக டிராக்டரில் அண்ணன் பொருத்தியிருந்த சார்ஜரில் போனைச் சொருகினோம். சக்கரத்துக்கு மேல் நான் உட்கார்ந்துகொண்டு, மடிக்கணினிக்குள் செத்துக் கிடந்த திட்டத்தை மனதுக்குள் மறுபடி போட்டுக்கொண்டு வந்தேன். நட்சத்திரம் மங்கிவிட்டதால் பழைய கணக்கு எதுவும் உதவாது. ஒளி சேர்க்கும் நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்க வேண்டும். அதற்குள் அது மேற்கே சாய்ந்துவிடும். எதையாவது கைவிட வேண்டும். எதை?

"ஏட்டி, அங்கன வானம் வெறிச்சிருக்குமா?" என்றான் அண்ணன்.

"அங்க இப்ப மழையே கெடையாதுண்ணே. வெறும் குளிருதான்."

"குடுத்து வச்சவங்க" என்றான். கேலியாகச் சொல்லவில்லை.

காத்தாடி மேட்டுக் காற்றாலையின் அடியில் மேலே ஏற இரும்புப் படி உண்டு. கடைசிப் படியில், கதவுக்கு முதுகைக் கொடுத்து நின்றபோது போனில் சிக்னல் ஒரு கோடு தெரிந்தது. பிரபாகர் எடுத்ததும், "உயிரோட இருக்கியா நீ?" என்றான்.

"இருக்கேன். நான் வர முடியாது. என் பாதிய நீதான் எடுக்கணும். எழுதிக்கோ."

அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்காக அவனை நான் எப்போதும் நினைப்பேன். நட்சத்திரத்தின் இடத்தைச் சொன்னேன். அது என் பிறந்த நாளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நீலப் பக்கத்தைக் கைவிடு, மஞ்சளும் சிவப்பும் போதும் என்றேன். ஒரே மூச்சில் எடுக்காதே, நாலு தடவையாகப் பிரித்து எடு, ஒவ்வொன்றுக்கும் பின்னால் விளக்கைப் போடு என்றேன். அவன் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னான். குரல் நடுநடுவே தேய்ந்தது. கீழே அண்ணன் இன்ஜினை அணைத்துவிட்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்று மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"முக்கியமானது இதுதான் பிரபா. அங்க ரெண்டு நிக்கும். ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். எப்பவும் நம்மளதுதான் பிரகாசம். இப்ப மங்கிப்போயி, பக்கத்துல நிக்கறதுக்கும் கீழ போயிருச்சு. மங்கலா இருக்கறத எடு. கேக்குதா? மங்கலா இருக்கறத!"

போனைப் பார்த்தேன். அந்த ஒரு கோடு இல்லை. எந்தச் சொல்லில் அறுந்தது என்று தெரியவில்லை. அதன் பிறகும், போகாத போனில், மங்கலா இருக்கறத, மங்கலா இருக்கறத என்று கத்திக்கொண்டிருந்தேன். டீசல் தீர்ந்து அந்த டவரும் நின்றுவிட்டது என்பது பிறகுதான் தெரிந்தது. அண்ணன் என்னை அடுத்த காற்றாலைக்குக் கொண்டுபோனான். அதற்கடுத்ததற்கும் கொண்டுபோனான். ஒவ்வொன்றிலும் ஏறினேன், கையை உயர்த்தினேன், இறங்கினேன். வெயில் சாய்ந்துவிட்டது. "இன்னொண்ணு பாத்துருவமா?" என்று அவன் கேட்டபோது, அவன் கண் தூரத்தில் தண்ணீர் மினுங்கிய எங்கள் காட்டின் மேல் இருந்தது. "போதும்ண்ணே, வீட்டுக்குப் போவோம்" என்றேன்.

மதினி இடுப்பு வரை சேறாக வந்து சேர்ந்தாள். ஆள் கிடைக்கவில்லையாம், தனியாகவே வெட்டியிருக்கிறாள். ஒரு வரப்புதான் வெட்ட முடிந்தது. உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. "பேசிட்டியாம்மா?" என்றுதான் முதலில் கேட்டாள். பேசிவிட்டேன் என்றேன். அன்று ராத்திரி வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது என்று மறுநாள் அண்ணன் சொன்னான். நான் வெளியே வரவேயில்லை.

ரோடு திறந்ததும் அண்ணன்தான் என்னைக் கோவில்பட்டிக்குக் கூட்டிவந்தான். பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் நிற்கும்போது, தேங்கியிருந்த செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. பிரபாகர் எழுதியிருந்தான். வானம் அற்புதம், நாலு தடவையும் எடுத்தாயிற்று, விளக்கு எல்லாம் சரி, இவ்வளவு சுத்தமான பதிவை நான் பார்த்ததில்லை என்று. கூடவே அந்த ஒளியின் வரைபடம். பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சளில், சோடியத்தின் இடத்தில், தூசி வளையம் குறுக்கே நின்றால் இரண்டு கோடுகளும் அகன்று ஆழமாகப் பள்ளம் விழுந்திருக்க வேண்டும். அங்கே மெல்லிசாக இரண்டு கீறல்தான் இருந்தது. சாதாரண, சாதுவான ஒரு நட்சத்திரம்.

அவனைக் கூப்பிட்டேன். 'ரெண்டு நிக்கும்' வரைக்கும் கேட்டது என்றான். "எல்லாப் பட்டியல்லயும் உன்னோடது பிரகாசமானதுன்னுதானே போட்டிருக்கு? அதான்..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். அவனுக்கும் விளங்கிவிட்டது. அவன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும்.

அண்ணன் டீயை நீட்டியபடி கேட்டான். "வந்துட்டா?"

"வந்துருக்குண்ணே. ஆனா இது நம்மளது இல்ல. பக்கத்து வீட்டு நட்சத்திரம்."

போனை வாங்கி, மேலும் கீழும் போகிற அந்தக் கோட்டை வெகுநேரம் பார்த்தான். "பாக்க லெச்சணமாத்தான் இருக்கு. இத வச்சு ஒண்ணும் செய்ய முடியாதா?"

"முடியாதுண்ணே."

தலையை ஆட்டினான். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவன் போல, "மக்காச்சோளம் கதிர்லயே மொளச்சிட்டு. உளுந்து பூராம் கறுத்துட்டு" என்றான். நான் ஊரில் இருந்தவரை அதை அவன் என்னிடம் சொல்லவே இல்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் குடித்தோம்.

பெங்களூர் போய்ப் பிச்சை எடுக்காத குறையாக எல்லோரையும் கேட்டேன். தெரிந்த தொலைநோக்கிக்காரர்கள், தெரியாத தொலைநோக்கிக்காரர்கள், எல்லோருக்கும் எழுதினேன். ஒருவர் மனமிரங்கித் தன் இரவில் அரைமணி நேரம் கொடுத்தார். மழையே கிடையாது என்று அண்ணனிடம் சொன்னேனே, அந்த இடத்தில் அன்றைக்குப் பனி கொட்டியது. மறைப்பு விலகிவிட்டது. முன்னும் பின்னும் எடுத்த இரவுகளை வைத்து, நடுவில் ஓட்டையோடு ஆய்வேட்டை முடித்தேன். பட்டம் கொடுத்தார்கள். அந்த ஓட்டையைப் பற்றி நேர்முகத்தில் ஒருவர் கேட்டபோது, வானிலை என்று மட்டும் சொன்னேன்.

இப்போது திருச்சிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பிரபாகர் வானத்தை விட்டுவிட்டு ஏதோ நிறுவனத்தில் கணக்கு எழுதும் நிரல்கள் செய்கிறான். பண்டிகைக்கு வாழ்த்து அனுப்புவான். அண்ணன் அடுத்த ஆவணியிலும் உழுதான், விதைத்தான். அந்த வருடம் மழையே வரவில்லை. அதற்கடுத்த வருடம் நிலத்தைச் சூரிய மின்சாரக்காரர்களுக்குக் குத்தகைக்கு விட்டான். மதினி ஒற்றையாக வெட்டிய வரப்பு எங்கே இருந்தது என்று இப்போது எனக்கு அடையாளம் காட்டத் தெரியாது. கண்ணாடிப் பலகையும் கம்பிவேலியும்தான். பகலில் மட்டும் வேலை செய்கிற அந்த இடத்தில் ராத்திரி முழுக்க விளக்கு எரிகிறது. டிராக்டரையும் விற்றாயிற்று. அவர்கள் கோவில்பட்டியில் மாடி வீடு ஒன்றில் குடியிருக்கிறார்கள். அண்ணன் ஒரு சிமெண்ட் கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

நான் பெங்களூரில் இருந்த வருடங்களில் அவன் போன் செய்தால் நலம் விசாரிக்க மாட்டான். எடுத்ததும், "அங்கன மழ உண்டா? இங்கன கெழக்க கறுத்துக்கிட்டு வருது" என்றுதான் ஆரம்பிப்பான். எரிச்சலாகக்கூட இருக்கும். இப்போது கடை வியாபாரம், பிள்ளையின் படிப்பு, மதினியின் முட்டுவலி எல்லாம் பேசுகிறான். மழையை மட்டும் பேசுவதில்லை. ஆய்வகத்திலிருந்து வந்த அன்று சாயங்காலம் நானே கூப்பிட்டுக் கேட்டேன்.

"அண்ணே, அங்கன மழ உண்டா?"

"தெரியலயேம்மா. வெளிய போயி எட்டிப் பாத்துத்தான் சொல்லணும்."