மாரிக்கண்ணன் நீல் தீவில் சமைக்கவில்லை

மாரிக்கண்ணன் அந்தமானில் பிடிபட்டார் என்று சங்கரன்கோவிலில் பேசிக்கொள்கிறார்கள். பிடிபட வேண்டுமானால் ஒருவர் முதலில் ஒளிந்திருக்க வேண்டும். அவர் ஒளியவில்லை. பட்டப்பகலில், சாலையை ஒட்டிய ஒரு வீட்டு முற்றத்தில், போவோர் வருவோர் எல்லாரும் பார்க்க உட்கார்ந்து மீன் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அங்கே இருந்தேன். இன்னொரு திருத்தம்: அது ஹேவ்லாக் தீவு இல்லை, நீல் தீவு. இரண்டுக்கும் அரசாங்கம் வேறு பெயர் வைத்துவிட்டது என்பதும் எனக்குத் தெரியும். ஊரார் சொல்லும் பெயரிலேயே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் விசேஷ வீடுகளில் சமைப்பவரைத் தவசுப்பிள்ளை என்போம். மாரிக்கண்ணன் தவசுப்பிள்ளை. அவருடைய அப்பா விசைத்தறியில் வேலை பார்த்தவர். தறிச் சத்தம் மகனுக்கு ஒத்துவரவில்லை. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு, சமையல் செட்டு ஒன்றில் அண்டா தூக்கப் போனார். முப்பது வயதுக்குள் சொந்தமாக செட்டு வைத்தார். அவர் வைக்கும் தேங்காய்ப்பால் சொதிக்காகவே, அவருக்கு ஒழியும் நாள் பார்த்து மறுவீட்டைத் தள்ளிவைத்தவர்கள் உண்டு.

கல்யாணம் இல்லாத மாதங்களில் அவர் சங்கரபாண்டியின் சுற்றுலாக்களுக்குப் போவார். சங்கரபாண்டி எங்கள் ஊரிலிருந்து காசி, பத்ரிநாத், அந்தமான் என்று ஆட்களைக் கூட்டிப் போகிறவர். அவருடைய நோட்டீஸில் ஊர்களின் பெயரைவிட, 'நமது ஊர்ச் சாப்பாடு' என்பது பெரிய எழுத்தில் இருக்கும். எங்கே போனாலும் எங்களுக்கு மதியம் சாம்பார் வேண்டும். அதனால் தவசுப்பிள்ளையையும் பருப்பையும் புளியையும் கூடவே கொண்டுபோவோம். மற்றவர்கள் கோயிலும் கோட்டையும் பார்க்கப் போகும்போது மாரிக்கண்ணன் வாடகை அடுப்புக்குப் பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருப்பார்.

"தாஜ்மகால எனக்குப் பின்பக்கமாத்தான் தெரியும் அண்ணாச்சி. அதுவும் புகைக்கு நடுவுல" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

அவருக்குக் கல்யாணமாகவில்லை. பேருந்தில் எந்நேரமும் யாராவது அவருக்குப் பெண் பார்த்துக்கொண்டே வருவார்கள். "வாரத்துக்கு ரெண்டு கல்யாணம் பாக்கவனுக்குத் தனியா ஒண்ணு எதுக்கு?" என்று சிரித்துத் தட்டிக்கழிப்பார். அவர் விரும்பிய ஒருவர் இருந்தார். அவர் பெயரை எழுத எனக்கு உரிமை இல்லை. அந்த மனிதருக்கு இன்று மனைவி மக்கள் இருக்கிறார்கள்.

ஒரு சுற்றுலாவில் நீல் தீவில் அடுப்பு மூட்டியிருந்தபோது, எதிர்வீட்டு முற்றத்தில் இரண்டு ஆண்கள் சாப்பிடுவதை மாரிக்கண்ணன் பார்த்திருக்கிறார். ஒருவர் மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சதையை மற்றவர் தட்டில் வைத்தார். இவ்வளவுதான் பார்த்தது. ஆனால் வைத்த கையிலும் வாங்கிய முகத்திலும் இருந்த பழக்கம் அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு கைப்பேசியில் தேடியதில், அந்த வீட்டில் விருந்தாளிகள் தங்கலாம் என்றும், தனியாக வருகிற ஆணையும் சேர்ந்து வருகிற ஆண்களையும் அங்கே யாரும் துருவிக் கேட்கமாட்டார்கள் என்றும் எழுதியிருந்தது.

அடுத்த வருடம் சங்கரபாண்டியிடம், "இந்த அந்தமான் ட்ரிப்புக்கு நான் வரல அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். சுற்றுலா நவம்பரில். அவர் தமக்கு மார்கழியில் டிக்கெட் போட்டுக்கொண்டார். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, தவசுப்பிள்ளைக்கு ஓய்வு. ஆனால் நவம்பரில் புயல் வந்தது. சுற்றுலா தள்ளிப்போய் அதே மார்கழியில் வந்து விழுந்தது. இது அவருக்குத் தெரியாது.

எங்களோடு வந்தவர் கோவில்பட்டிப் பக்கத்துச் சமையல்காரர். நீல் தீவுக்குப் போகிற படகில் அவருக்கு வாந்தி. கரையில் இறங்கியதும் ஒரு மரத்தடியில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏற ஏற எல்லாருக்கும் பசி. சங்கரபாண்டி, "இந்தா பாக்கேன், இந்தா பாக்கேன்" என்று சொல்லிக்கொண்டே எங்களை நடத்திக் கூட்டிப்போனார். அப்போதுதான் எங்களோடு வந்திருந்த, பூக்கமிஷன் கடை நடத்தும் முத்துமாரி என்ற அம்மாள் கத்தினார்.

"ஏ, அங்கன பாருங்க! அது நம்ம மாரிக்கண்ணன்லா!"

எங்கள் கூட்டம் கைதட்டியது. சங்கரபாண்டி சொல்லாமல்கொள்ளாமல் ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார் என்றே எல்லாரும் நினைத்தோம். வேறு எதற்காக ஒரு தவசுப்பிள்ளை கடல் தாண்டி வந்திருக்கப்போகிறார்? சிலர் மர நிழலில் பந்திக்கு உட்காருவதுபோல வரிசையாகவே உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். "முதல்ல காப்பி போடச் சொல்லுங்கப்பா" என்று ஒரு குரல் வந்தது.

மாரிக்கண்ணன் எழுந்திருக்கவில்லை. கிளி போட்ட சட்டையும் அரைக்கால் சட்டையும் அணிந்திருந்தார். அவருடைய முழங்காலை எங்கள் ஊர் அன்றுதான் பார்த்தது.

சங்கரபாண்டி ஓடினார். "ஏலே மாரிக்கண்ணா! சாமி மாதிரி வந்து நிக்கியேலே. எந்திரி. அரிசி பருப்பெல்லாம் வண்டில இருக்கு. ஒரு சாம்பார், ஒரு பொரியல், போதும்."

"நான் நிக்கல அண்ணாச்சி. உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

"சரி, சாப்பிட்டுட்டு வா."

"சாப்பிட்டுட்டுக் கடல்ல குளிக்கப் போறேன்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். சங்கரபாண்டி சிரிக்கவில்லை. "விளையாடாதலே. ஜனம் பசில கிடக்கு."

"பசின்னா இங்கன சோறு இருக்கு. சொன்னா எல்லாருக்கும் வடிப்பாங்க."

அந்த வீட்டுக்காரர் ஜெபசிங், போர்ட் பிளேரில் பிறந்த தமிழர், வாசலுக்கு வந்து, "வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்றார். அவருக்குப் பின்னால் கரண்டியோடு தபன் என்ற வங்காளி நின்றார். "கடுகெண்ணெ நாத்தம் நமக்கு ஆகாதுப்பா" என்று வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்.

சங்கரபாண்டிக்கு வேறு சந்தேகம் வந்துவிட்டது. வீட்டுக்குள் எட்டிப்பார்த்தார். "யாரு கூடல வந்திருக்க? உள்ள பொம்பள எவளும் இருக்காளா?"

"இல்ல. தனியாத்தான் வந்திருக்கேன்."

"இது புருஷன் பொண்டாட்டி வார இடம். தனியா வந்து என்னலே பண்ணுத?"

"இந்த வீட்டுக்காரங்களும் சேந்து வாழுதவங்கதான்" என்று மாரிக்கண்ணன் கையைக் காட்டினார்.

"ரெண்டு பேரும் ஆம்பளையால்லா இருக்காவ?" என்றார் முத்துமாரி.

"ஆமாக்கா. நானும் அப்படித்தான். எனக்கு ஆம்பளைங்க மேலதான் மனசு. கூட வர இன்னும் ஆளு அமையல. அமையிற வரைக்கும் வீட்டுலயே கிடக்கணுமா என்ன?"

அந்தச் சொல்லின் விலை என்ன என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். தவசுப்பிள்ளையின் பிழைப்பு என்பது ஊர் அவர் கையால் சாப்பிடுவதுதான். ஊர் மாட்டேன் என்றால் அவருக்கு வேறு தொழில் இல்லை.

சங்கரபாண்டிக்கும் தெரியும். குனிந்து, காதில் சொல்வதுபோல ஆரம்பித்தார், எல்லாருக்கும் கேட்டது. "நீ சொன்னது எங்க காதுல விழல. வந்து உலைய வை. ஊர்ல ஒருத்தன் வாயத் தொறக்காமப் பாத்துக்கிடுதேன். மாட்டேன்னா, இனி எந்தக் கல்யாண வீட்டுலயும் உனக்குக் கரண்டி கிடையாது. யோசிச்சுக்க."

"மறைக்கதுக்குக் கூலியா என் லீவக் கேக்கிய. தர முடியாது" என்றார் மாரிக்கண்ணன். "நான் சொன்னத நீங்களே ஊர்ல சொல்லுங்க அண்ணாச்சி. ஒவ்வொரு வீடாப் போயிச் சொல்லுத அலைச்சல் எனக்கு மிச்சம்." பிறகு தபனைப் பார்த்து, மீன் சட்டியை இந்தப் பக்கம் நகர்த்தும்படி சைகை காட்டினார்.

சங்கரபாண்டி கூட்டத்தைக் கிளப்பினார். அவர்கள் அன்று மதியம் வாழைப்பழமும் பிஸ்கட்டும் சாப்பிட்டார்கள். முத்துமாரியும் நானும் போகவில்லை. சனிக்கிழமை மீன் ஆகாது என்பதால் முத்துமாரிக்குச் சோறும் பருப்பும் கொடுத்தார்கள். தபனின் வங்காள முறைப்படி சோற்றோடு முதலில் பாகற்காய்.

"எடுத்ததுமே கசப்பா? எங்க மாமியா வீடு மாதிரில்லா இருக்கு" என்றார் முத்துமாரி. தபனுக்கு ஜெபசிங் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

எனக்கு நெய்மீன் வந்தது. அரைத்த கடுகும் பச்சை மிளகாயும் மூக்கில் ஏறின. இரண்டாம் துண்டும் கேட்டு வாங்கினேன். ஒரு தவசுப்பிள்ளை அடுத்தவர் சமையலில் குறை சொல்லாமல் சாப்பிட்டதை நான் பார்த்தது அன்றுதான். மாரிக்கண்ணன் முள்ளை நிதானமாக எடுத்தார், சோற்றைப் பிசைந்தார், புறங்கையில் வழிந்ததை நக்கினார். வந்த மறுநாள் பழக்கத்தில் இருட்டோடு எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றதாகவும், பிறகு கடைத்தெருவுக்குப் போய்ப் பூரி சாப்பிட்டதாகவும் சொன்னார்.

"எந்தக் கடைக்குப் போனாலும் எத்தனை பேருன்னுதான் முதல்ல கேக்காங்க. ஒரு ஆளுன்னு சொல்லுததுக்கு முதல்ல வாய் வரல. சொல்லச் சொல்லத் தொண்ட தெளிஞ்சிட்டு."

சங்கரபாண்டி ஊருக்கு வந்ததும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தை மாதத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்துச் சொல்லியிருந்த வீடுகளில் பாதிக்கு மேல் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டன. செட்டில் இருந்தவர்களில் சிலர் விலகினார்கள். மாரிக்கண்ணனின் அண்ணன் நேரில் வந்து, குடிபோதையில் உளறிவிட்டதாகச் சொல்லிவிடும்படி கெஞ்சினார்.

"குடிச்சிருந்தா எந்திரிச்சுச் சாம்பார் வச்சிருப்பேன். தெளிவா இருந்ததாலதான் வைக்கல" என்று அவரை அனுப்பிவைத்தார்.

மாசியில் முத்துமாரி புதுவீடு கட்டிப் பால் காய்ச்சினார். சமையல் மாரிக்கண்ணன்தான் என்று வீட்டில் அடித்துச் சொல்லிவிட்டார். சங்கரபாண்டி அவருக்குச் சொந்தம். கூப்பிடாமல் இருக்க முடியாது. பந்தலில் முதல் பந்தி நிறைந்திருந்தது. எங்கள் ஊர் வழக்கப்படி அடுத்த பந்திக்காரர்கள் ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் வந்து நின்றுவிட்டார்கள். இலையில் சோறு விழுந்த நேரம் சங்கரபாண்டி எழுந்தார்.

"யாரு சமையல்னு தெரிஞ்சுதான் எல்லாரும் உக்காந்திருக்கியளா?"

கைகள் இலைக்கு மேலேயே நின்றன. முத்துமாரி வாயைத் திறப்பதற்குள் சமையல் கொட்டகையிலிருந்து மாரிக்கண்ணன் சாம்பார் வாளியோடு வந்தார். பரிமாறுவது அவர் வேலை இல்லை. அன்று அவரே எடுத்துக்கொண்டார். முதல் இலைக்கு முன்னால் நின்றார்.

"ஊத்தவா, வேண்டாமா? வேண்டாம்னா இலைய மடக்கிட்டு எந்திரிங்க. பின்னால ஆளு நிக்கி."

முதல் இலைக்காரர் ஊற்றச் சொன்னார். அடுத்தவர் மடக்கினார், மடக்கியவர் முழுதாக நிமிர்வதற்குள் பின்னால் நின்றவர் நாற்காலியில் இருந்தார். இன்னொருவர் எழுவதா வேண்டாமா என்று தயங்க, பின்னாலிருந்தவர் அவர் தோளைத் தட்டி, "சீக்கிரம் முடிவு பண்ணுங்கவே, கால் வலிக்கி" என்றார். அவர் அப்படியே உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து போனவர்களும் இருந்தார்கள், சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். ஊர் முழுவதும் அவர் பக்கம் வந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன், அது நடக்கவில்லை. ஆனால் பந்தியில் ஓர் இடமும் காலியாக இல்லை.

மாரிக்கண்ணன் சங்கரபாண்டியிடம் வந்தார். "அண்ணாச்சி, உங்களுக்கு?"

சங்கரபாண்டியின் நாற்காலி முதுகைப் பிடித்து நின்ற வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் முந்திக்கொண்டு கேட்டார்: "உக்காருதியளா, இல்ல நான் உக்காரட்டுமா?"

சங்கரபாண்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். வாசுதேவநல்லூர்க்காரர் உட்கார்ந்து, பழைய இலையைத் தள்ளிவிட்டுப் புது இலை போடச் சொன்னார்.

"நிறைய ஊத்துப்பா" என்றார்.